ட்ரெய்லர் சமையல் சிங்க்கில் சாக்கடை நாத்தம்: ஊத்தாத மருந்து இல்லை, போன பாடில்லை

ஃபீனிக்ஸ்_வெயிலான்
வணக்கம் மக்களே. ரொம்ப நாளா இங்க படிக்கிறதோட சரி. இப்ப எழுத வெச்சது நாத்தம்.

26 அடி ட்ராவல் ட்ரெய்லர் (வண்டிக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற சக்கர வீடு), ஏழு வயசு, மார்ச்சில செகண்ட் ஹாண்டா வாங்கினேன். சமையல் சிங்க் பக்கத்துல நின்னா சாக்கடை வாடை. எப்பவும் இல்ல. காலையில கதவைத் திறந்ததும் வரும், பாத்ரூம் ஃபேன் போட்டா வரும், வண்டியை இழுத்துட்டுப் போய் நிறுத்தினதும் வரும். சிங்க்குக்குத் தனி கிரே டேங்க் (கழுவின தண்ணி போய்ச் சேருற தொட்டி), 40 காலன். பாத்ரூம் பக்கம் மூக்கை வெச்சுப் பார்த்தேன், அங்க ஒண்ணும் இல்ல.

இதுவரைக்கும் செஞ்சது: பேக்கிங் சோடா, வினிகர். அது போகலைன்னு இன்னொரு நாள் ப்ளீச். அப்புறம் கடையில விக்கிற டேங்க் மருந்து ரெண்டு பாட்டில், லாவெண்டர் வாசனை. இப்ப லாவெண்டர் தோட்டத்துக்குள்ள சாக்கடை ஓடுற மாதிரி இருக்கு. அடுத்த மாசம் மாமனார் மாமியாரை கிராண்ட் கேன்யன் கூட்டிட்டுப் போகணும். என் மானத்தைக் காப்பாத்துங்க.

மூக்குப்பொடி
வாழ்த்துகள். வீடு வாங்கியிருக்கீங்க, கூடவே சாக்கடையையும் வாங்கியிருக்கீங்க. சக்கரம் இருக்கிறதால எங்க போனாலும் கூடவே வரும்.

கரிசல்காட்டான்
தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். அழுகின முட்டை வாடைன்னா சாக்கடைன்னு முடிவு கட்டிடாதீங்க. புரொப்பேன்ல கலக்குற வாசனை மருந்தும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். சிலிண்டர் காலியாகிற நேரத்துல இன்னும் தூக்கலா வரும். ஓவர் சார்ஜ் ஆகிக் கொதிக்கிற லெட்-ஆசிட் பேட்டரியும் அதே முட்டை வாடையைக் கொடுக்கும். அடுப்பு, ஹீட்டர் எல்லாத்தையும் அணைச்சுட்டு, சிலிண்டரைத் திறந்து வெச்சு, எல்லா மூட்டுலயும் சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க. பேட்டரிப் பெட்டியைத் தொட்டுப் பாருங்க, சூடா இருக்கான்னு. இது ரெண்டும் இல்லைன்னு தெரிஞ்ச பிறகு சிங்க்குக்கு வாங்க.

இன்னொரு கேள்வி. நாத்தம் குழாய்த் தண்ணியிலயா, சிங்க் ஓட்டையிலயா? ஒரு கிளாஸ் தண்ணி பிடிச்சு வெளியில எடுத்துட்டுப் போய் மோந்து பாருங்க. உள்ள நின்னு மோந்தா எல்லாமே நாறும்.

அப்புறம் ப்ளீச்சும் வினிகரும் ஒரே டேங்க்குல சேர்ந்தா குளோரின் வாயு வரும். வேற நாள்ல ஊத்தினேன்னு சொன்னாலும் டேங்க் காலி பண்ணாம ஊத்தியிருந்தா ஒரே கதைதான். இனிமே அந்த வேலை வேண்டாம்.

ஹூஸ்டன்_அக்கா
அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ஆனா நான் நேரா விஷயத்துக்கு வர்றேன். ட்ரெய்லர்ல தோசை சுடுறீங்களா?

ஃபீனிக்ஸ்_வெயிலான்
கரிசல் அண்ணே, பார்த்துட்டேன். காஸ் கசிவு இல்ல, பேட்டரி ஜில்லுனு இருக்கு. கிளாஸ் தண்ணியில வாடை இல்ல, சுடுதண்ணியிலயும் இல்ல.

அக்கா, தோசை இல்லாம எங்க வீட்டுல பயணமா? மாவுப் பாத்திரம், குக்கர், குழம்புச் சட்டி எல்லாம் அந்த சிங்க்லதான் கழுவுறோம்.

ஹூஸ்டன்_அக்கா
நினைச்சேன். ஊர்ல மாட்டுக்குக் கழுநீர்ப் பானை வெப்பாங்களே, ஞாபகம் இருக்கா? அரிசி களைஞ்ச தண்ணி, மாவு கழுவின தண்ணி, மிச்சம் மீதி குழம்பு எல்லாம் அதுலதான். மறுநாள் காலையில அந்தப் பக்கம் போனா எப்படி இருக்கும்? உங்க கிரே டேங்க் அதேதான். மூடி வெச்ச கழுநீர்ப் பானை, மேல 40 டிகிரி வெயில். மாடுதான் இல்ல.

சோப்புத் தண்ணிதானேன்னு கிரே டேங்க்கை எல்லாரும் லேசா நினைக்கிறாங்க. எண்ணெய், மாவு, பருப்பு படிஞ்சு காத்து இல்லாத இடத்துல அழுகும்போது வர்ற நாத்தம் சில நேரம் கக்கூஸ் டேங்க்கையே தோக்கடிச்சிடும். நாங்க தட்டு, சட்டி எல்லாத்தையும் பேப்பர் டவலால வழிச்சுத் துடைச்சுட்டுத்தான் கழுவுறோம். மாவுப் பாத்திரத்துல முதல் தண்ணியை ஒரு பக்கெட்ல ஊத்தி வெச்சு, டேங்க்கைக் காலி பண்ணும்போது கொட்டுவோம். டேங்க்ல பாதி தண்ணி, கொஞ்சம் பாத்திரம் தேய்க்கிற சோப்பு விட்டு ஒரு மணி நேரம் வண்டியை ஓட்டிட்டுப் போய்க் கொட்டுங்க. ரோட்டுல குலுங்குற குலுங்கல்ல தானா அலசிடும்.

கரிசல்காட்டான்
அக்கா சொல்றது நல்ல பழக்கம், நான் மறுக்கல. ஆனா ஒண்ணு தம்பி, கிரே டேங்க் நாறத்தான் செய்யும். அதை எவ்வளவு அலசினாலும் ஒரு வாரத்துல மறுபடி நாறும். டேங்க் நாறுறது உங்க பிரச்சினை இல்ல. அந்தக் காத்து வீட்டுக்குள்ள வருதே, அதுக்கு யார் வழி விட்டது? அதைத் தேடுங்க. நீங்க இதுவரைக்கும் ஊத்தினது எல்லாம் டேங்க்குக்குப் போச்சு, வழி அப்படியே திறந்து கிடக்கு.

டேங்க்ல இருந்து காத்து மேல வர ரெண்டு இடம்தான் காவல். ஒண்ணு, சிங்க்குக்குக் கீழ வளைஞ்ச குழாய், பி-ட்ராப். அதுல ரெண்டு இஞ்சுக்குத் தண்ணி நிக்கணும். அந்தத் தண்ணிதான் கதவு. ரெண்டாவது, ஏர் அட்மிட்டன்ஸ் வால்வு. சிங்க் அலமாரிக்குள்ள குழாய் மேல காளான் குடை மாதிரி கறுப்பா ஒண்ணு நிக்கும். தண்ணி இறங்கும்போது குழாய்க்குள்ள இழுப்பு வரும் இல்லையா, அப்ப அது திறந்து காத்தை உள்ள விடும். தண்ணி நின்னதும் மூடிக்கணும். மூடலைன்னா டேங்க் காத்து நேரா உங்க அலமாரிக்குள்ள.

இன்னைக்கு ராத்திரி செய்ய வேண்டியது: சிங்க் ஓட்டையை ஸ்டாப்பர் போட்டு, மேல ஈரத்துணி வெச்சு அடைச்சிடுங்க. அலமாரிக் கதவை மூடிடுங்க. காலையில முதல்ல சிங்க்கை மோந்து பாருங்க, அப்புறம் அலமாரியைத் திறந்து மோந்து பாருங்க. எது நாறுதுன்னு வந்து சொல்லுங்க.

மூக்குப்பொடி
ஒரு இன்ஜினியர் காலை ஆறு மணிக்கு அலமாரிக்குள்ள தலையை விட்டு மோந்துட்டு இருக்கிறதைப் பார்க்க பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்து வெச்சிருக்கணும்.

ஸ்கார்பரோ_பெடியன்
வணக்கம், நான் கனடாவில இருந்து எழுதுறன். போன வருசம் நானும் இதே கஷ்டப்பட்டனான். எங்கட ட்ரெய்லரில சிங்குக்குக் கீழ மட்டுமில்லை, வாஷிங் மெஷின் பூட்டுறதுக்கெண்டு அலுமாரிக்குள்ள ஒரு குழாய் விட்டிருந்தது. மெஷினே நாங்கள் வாங்கேல்லை, அந்தக் குழாயில தண்ணி காய்ஞ்சு போச்சு. மூண்டு மாசம் சிங்கைக் கழுவிக் கழுவி மனுசியிட்டப் பேச்சு வாங்கினதுதான் மிச்சம். உங்கடையில அப்பிடி ஏதும் மறைஞ்சு கிடக்குதோ எண்டு பாருங்கோ.

கூரைக்கும் ஒருக்கா ஏறிப் பாருங்கோ. டேங்கில இருந்து போற வென்ட் குழாயில குளவி கூடு கட்டிப்போட்டுதெண்டால் காத்துக்கு வேற வழி இல்லை, வீட்டுக்குள்ளதான் மணக்கும்.

மூக்குப்பொடி
மணக்குமா? மணந்தா நல்லதுதானே அண்ணே.

ஸ்கார்பரோ_பெடியன்
எங்கட ஊரில கருவாடும் மணக்கும், கக்கூசும் மணக்கும். அது வேற பாடம் தம்பி.

ஃபீனிக்ஸ்_வெயிலான்
அண்ணே, ரிசல்ட். சிங்க்ல மேல ஒண்ணும் இல்ல. அலமாரியைத் திறந்தேன், மூஞ்சியில அறைஞ்ச மாதிரி வந்துச்சு. கண்ணே கரிச்சுது.

காளான் எங்கன்னு தேடினா கண்ணுல படல. டிராயருக்குப் பின்னாடி ஒரு பலகை, ஆறு ஸ்க்ரூ. அதைக் கழட்டினா சுவரோரமா ஒரு இருட்டு மூலையில நிக்குது. கையால திருகினதும் வந்துடுச்சு. சோப்புப் போட்டுக் கழுவிட்டு டார்ச் அடிச்சுப் பார்த்தேன். உள்ள இருக்கிற ரப்பர் தட்டு ஒரு பக்கமாச் சாய்ஞ்சு, பிசின் மாதிரி ஏதோ ஒட்டி, ஒரு தீக்குச்சி நுழையிற அளவுக்கு வாயைத் திறந்துட்டு நிக்குது. கீழ்ப்பக்கம் வாய் வெச்சு ஊதினேன் (ஆமா, கழுவிட்டுத்தான்). மூடியிருந்தா காத்து போகக் கூடாது இல்லையா? தாராளமா போகுது.

கூரை வென்ட் பார்த்தேன், குளவி இல்ல, தொப்பியும் நல்லா இருக்கு. வாஷிங் மெஷின் குழாய் எங்கதுல கிடையாது.

கரிசல்காட்டான்
பாதிக் கள்ளன் மாட்டிக்கிட்டான். அதைச் சுத்தம் பண்ணித் திரும்பப் போட நினைக்காதீங்க, தூக்கிப் போடுங்க. ஆர்.வி. கடையில (ட்ரெய்லர் சாமான் விக்கிற கடை) குறைஞ்ச விலைக்கு அதே மாதிரி கிடைக்கும். அதுக்குள்ள ஸ்ப்ரிங் வெச்சிருப்பான், ஒரு சில வருஷத்துல மறுபடி இதே கதை. வீட்டுக்குப் போடுற ரகம் ஹோம் டிப்போவிலயே இருக்கு, 'ஓட்டி' கம்பெனியோட ஷூர்-வென்ட், இல்ல ஸ்டூடர் கம்பெனியோடது மாதிரி. விலை கூடத்தான். ஆனா ஸ்ப்ரிங் இல்ல, தன் எடையிலயே மூடிக்கும். ஒண்ணரை இஞ்சு மரை. ஆனா உயரம் கொஞ்சம் கூட இருக்கும், பலகைக்குப் பின்னால இடம் இருக்கான்னு அளந்துட்டு வாங்குங்க. நேரா நிக்கணும், சாய்ச்சு வெச்சா எடையில எப்படி மூடும்?

மரையில டெஃப்லான் டேப் ரெண்டு சுத்து, கையால இறுக்கினாப் போதும். பானா போட்டா பிளாஸ்டிக் பிளந்துரும்.

ஹூஸ்டன்_அக்கா
மாத்திட்டு, அந்தப் பலகையை ஆறு ஸ்க்ரூ போட்டு மூடிடாதீங்க. அந்த வால்வு உள்ள இழுக்கிறது அந்த இடத்துக் காத்தைத்தான். ரெண்டு ஸ்க்ரூ போதும். அடுத்த தடவை கழட்டவும் வசதி.

ஃபீனிக்ஸ்_வெயிலான்
நாலு நாளாச்சு. ஷூர்-வென்ட் போட்டாச்சு. காலை நாத்தம் சுத்தமா போயிடுச்சு. தண்ணி இறங்கும்போது முன்னாடி களக் களக்னு ஒரு சத்தம் வரும், அதுவும் நின்னுடுச்சு. அந்தச் சத்தம் ஏதோ ட்ரெய்லர்னா இப்படித்தான்னு நினைச்சுட்டு இருந்தேன்.

ஆனா பாத்ரூம் ஃபேன் போட்டா இன்னும் லேசா வருது. என் மூக்கை நான் நம்பல, மாமியார் ஊர்ல இருந்து வந்திறங்கிட்டாங்க, அவங்களும் சொல்றாங்க. "என்ன மாப்ளே, சாக்கடைக்கு மேலயா வீட்டை நிறுத்தியிருக்கீங்க?"ன்னு கேட்டாங்க.

ஹூஸ்டன்_அக்கா
மாமியார் மூக்கு இருக்கும்போது கருவி எதுக்கு? ஒரு சின்ன சோதனை சொல்றேன். பெப்பர்மின்ட் எண்ணெய் ஒரு சின்ன பாட்டில் வாங்குங்க. ஜன்னல் கதவெல்லாம் மூடி, ஃபேன் போட்டு, அவங்களை உள்ள உட்கார வைங்க. நீங்க கூரையில ஏறி கிச்சன் டேங்க்கோட வென்ட் குழாயில எண்ணெயை ஊத்தி, பின்னாடியே ஒரு பக்கெட் வெந்நீர் ஊத்துங்க. அந்த ஆவி எங்க வழி இருக்கோ அங்க வந்து நிக்கும். முக்கியமா, ஊத்தினவர் உள்ள வரக் கூடாது. உங்க கை, சட்டை எல்லாம் வாசனை அடிக்கும், சோதனை கெட்டுப் போயிடும்.

கரிசல்காட்டான்
ஃபேன் விஷயம் பலருக்குப் புரியறதில்ல. ஜன்னல் எல்லாம் மூடிட்டு ஃபேன் போட்டா அது வெளிய தள்ளுற காத்துக்கு ஈடா உள்ள காத்து வந்தாகணும். ட்ரெய்லர் சின்னப் பெட்டி. எங்க இளக்கமோ அங்கிருந்து உறிஞ்சும். ட்ராப்ல தண்ணி கொஞ்சமா இருந்தா அது வழியாவே இழுத்துரும். ஒரு ஜன்னலை ரெண்டு விரல் திறந்து வெச்சுட்டு ஃபேன் போட்டுப் பாருங்க, குறையும். இது வைத்தியம் இல்ல, சும்மா தெரிஞ்சுக்க.

ஃபீனிக்ஸ்_வெயிலான்
செஞ்சாச்சு. நான் கூரையில நிக்கிறேன், வெந்நீர் ஊத்தி ரெண்டு நிமிஷம் ஆகல, உள்ள இருந்து குரல்: "யாரு அங்க விக்ஸ் தேய்க்கிறது?" எங்கிருந்து வருது அத்தைன்னு ஜன்னல் வழியா கேட்டேன். முதல்ல பாத்ரூம், இல்ல. கட்டிலடி, இல்ல. அப்புறம் சிங்க் மேல குனிஞ்சு, "இந்தா, இந்த ஓட்டையில இருந்துதான்."

அப்ப ட்ராப். பலகையைக் கழட்டி போட்டோ எடுத்திருக்கேன், பாருங்க. இதுதான் பி-ட்ராப்பா?

ஸ்கார்பரோ_பெடியன்
ஐயோ. இது ட்ராப்பே இல்லை.

கரிசல்காட்டான்
தம்பி, இது யானைத் தும்பிக்கை. மடிப்பு மடிப்பா வளையிற குழாயை யாரோ நடுவுல போட்டு, ரெண்டு முனையையும் இழுத்துச் சேர்த்திருக்காங்க. கம்பெனியில வந்ததா, முந்தின ஓனர் கைவரிசையான்னு தெரியாது. வளைவு எவ்வளவு ஆழம்னு உங்க போட்டோலயே பாருங்க, தொய்வு இல்லாம நெட்டுக்கு இழுத்துட்டுப் போகுது. அரை இஞ்சு தண்ணி நின்னா அதிகம். ஃபேன் போட்டா அந்தத் தண்ணியைத் தாண்டி காத்து குமிழ் விட்டுட்டு வந்துடும். அந்த மடிப்பு ஒவ்வொண்ணுலயும் சாப்பாடு தங்கும், அது தனி நாத்தம்.

ஒண்ணரை இஞ்சு பி-ட்ராப் கிட், எந்த ஹார்ட்வேர் கடையிலயும் கிடைக்கும். ட்ரெய்லர் குழாய் கறுப்பு ஏபிஎஸ் பிளாஸ்டிக், கடையில வெள்ளை பிவிசி கிடைச்சாலும் பரவாயில்ல. நட்டுப் போட்டு இறுக்குற மூட்டுக்குப் பசை தேவையில்ல, அதனால கலர் மாறினா குத்தமில்ல. வாஷர்ல ஒரு பக்கம் சரிவா இருக்கும். அந்தச் சரிவு நட்டைப் பார்க்கக் கூடாது, மரை இருக்கிற பக்கத்தைப் பார்த்து உட்காரணும். பத்துல எட்டு பேர் இதைத் திருப்பிப் போட்டுட்டு ஒழுகுதுன்னு அழுவாங்க. இந்த மரைக்கு டெஃப்லான் டேப்பும் வேண்டாம். இங்க தண்ணியை நிறுத்துறது வாஷர், மரை இல்ல.

கீழ ஒரு பக்கெட் வெச்சுட்டுக் கழட்டுங்க. பிறகு என்னைத் திட்டக் கூடாது.

ஸ்கார்பரோ_பெடியன்
எனக்கெண்டால் ட்ராப்புக்குப் பதிலா ஹெப்வோ வால்வு போடச் சொல்லுவன். அதுக்குள்ள தண்ணி நிக்காது, சிலிக்கோன் சவ்வு ஒண்டு தானா மூடிக்கொள்ளும். காயவும் காயாது, ரோட்டில குலுங்கிச் சிந்தவும் சிந்தாது. இஞ்ச குளிருக்கு அது பெரிய நிம்மதி, ட்ராப்பில தண்ணி உறைஞ்சு குழாய் வெடிக்கிற பயம் இல்லை. அம்புக்குறி பார்த்துப் பூட்டோணும், அவ்வளவுதான்.

கரிசல்காட்டான்
ஷவருக்கு நான் ஒத்துக்கிறேன், என்னுடையதுலயே ஷவருக்கு அதுதான், குனிஞ்சு நுழைய இடமில்லாத இடம். சமையல் சிங்க்குக்கு மட்டும் எனக்கு மனசு வரல. ஒரு கறிவேப்பிலை சவ்வுல மாட்டிக்கிட்டா அது மூடாது, மூடலைன்னு உங்களுக்குத் தெரியவும் தெரியாது. ட்ராப் அடைச்சா தண்ணி தேங்கும், கண்ணுக்குத் தெரியும்.

ஸ்கார்பரோ_பெடியன்
சல்லடை போட்டால் கறிவேப்பிலை எப்பிடி அண்ணை போகும்? சரி, சண்டை வேண்டாம். அவர் ஃபீனிக்சில இருக்கிறார், அவருக்கு ட்ராப் உறையாது, காயும். தம்பி, வண்டியை ஒரு மாசத்துக்கு மேல நிப்பாட்டி வைக்கேக்குள்ள ஒவ்வொரு ட்ராப்பிலயும் ஒரு கப் பிங்க் ஆர்.வி. ஆன்டிஃப்ரீஸ் (குளிரில குழாய் உறையாமல் இருக்க விடுற திரவம்) விடுங்கோ. குளிருக்கில்லை, தண்ணியை விட மெதுவாத்தான் அது ஆவியாகும். கார் ரேடியேட்டருக்கு விடுற பச்சை நிறத்தை விட்டிடாதேங்கோ, அது நஞ்சு.

ஃபீனிக்ஸ்_வெயிலான்
முடிச்சுட்டேன். ரெண்டு மணி நேரம், ஒரு தடவை வாஷரைத் திருப்பிப் போட்டேன் (கரிசல் அண்ணே, நீங்க சொல்லியும்).

முந்தின ஓனர் மேல பழியைப் போட்டுடலாம்னு இருந்தேன். அந்தத் தும்பிக்கைக் குழாயை வெளியில எடுத்துட்டுப் போய் வெயில்ல பிளந்து பார்த்தேன். சாம்பல் கலர்ல வழவழன்னு பூசினாப்ல ஒரு படலம், மடிப்புக்குள்ள வரிசையா கடுகு. பதினோரு கடுகு எண்ணினேன். ரெண்டு பாதி உளுத்தம்பருப்பு. முந்தினவர் மினசோட்டாக்காரர். தாளிச்சிருக்க மாட்டார்.

மாமியார் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல. அன்னைக்கு ராத்திரியில இருந்து அவங்களே தட்டை வழிச்சுட்டுத்தான் சிங்க்ல போடுறாங்க.

ஃபேன் போட்டு, ஜன்னல் மூடி, அரை மணி நேரம். ஒண்ணும் இல்ல.

மூக்குப்பொடி
பதினோரு கடுகும் உங்க வீட்டுதுன்னு டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தாச்சா?

ஃபீனிக்ஸ்_வெயிலான்
கிராண்ட் கேன்யன்ல இருந்து எழுதுறேன், சவுத் ரிம், ட்ரெய்லர் வில்லேஜ்ங்கிற கேம்ப்கிரவுண்ட். ஃபீனிக்ஸ்ல இருந்து கிட்டத்தட்ட 230 மைல், ஃபிளாக்ஸ்டாஃப் வரைக்கும் பெரும்பாலும் ஏத்தம்தான். வந்து கதவைத் திறந்ததும் லேசா ஒரு வாடை. நெஞ்சு பக்குனுச்சு. டார்ச் அடிச்சுப் பார்த்தா ட்ராப்ல தண்ணி பாதிதான் இருக்கு. ஒரு டம்ளர் தண்ணி ஊத்தினேன், அஞ்சு நிமிஷத்துல சரியாயிடுச்சு. ரோட்டுல சிந்திடுச்சா?

இன்னொண்ணு. இங்க சைட்லயே சாக்கடை கனெக்ஷன் இருக்கு. ஹோஸை மாட்டி கிரே வால்வைத் திறந்தே விட்டுடலாமா? பக்கத்து சைட்காரர் அப்படித்தான் விட்டிருக்கார்.

கரிசல்காட்டான்
சிந்தினதுதான். இனி கிளம்பும்போது ஸ்டாப்பரைப் போட்டு மூடிடுங்க, வந்து சேர்ந்ததும் ஒரு டம்ளர் தண்ணி விடுங்க. நான் வீல் சாக் (சக்கரம் உருளாம முட்டுக் கொடுக்கிற கட்டை) வைக்கிறதுக்கு அடுத்த வேலையா வெச்சிருக்கேன்.

வால்வைத் திறந்து விடாதீங்க. திறந்தா உங்க டேங்க் நாத்தம் மட்டும் இல்ல, மொத்த கேம்ப்கிரவுண்ட் சாக்கடைக் காத்தும் ஹோஸ் வழியா உங்க டேங்க்குக்கு வரும், கூடவே சின்னச் சின்ன கொசு மாதிரி பூச்சியும். மூடி வைங்க, நிறைஞ்சதும் திறங்க. கறுப்பு டேங்க்கை, அதாவது கக்கூஸ் டேங்க்கை, முதல்ல கொட்டிட்டு, பின்னால கிரேயைத் திறந்தீங்கன்னா அந்தச் சோப்புத் தண்ணி ஹோஸையும் அலசிடும். மூடி வெச்சாத்தான் அதுக்குத் தண்ணி இருக்கும்.

ஹூஸ்டன்_அக்கா
மாமனார் மாமியார் கேன்யனைப் பார்த்து என்ன சொன்னாங்க?

ஃபீனிக்ஸ்_வெயிலான்
மாமனார் ஒரு மணி நேரம் பேசாம நின்னார். மாமியார், "இவ்வளவு பெரிய பள்ளத்துல ஒரு சொட்டுத் தண்ணி கண்ணுல படல"ன்னாங்க. கீழ கொலராடோ ஆறு ஓடுதுன்னு காட்டினேன். கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பார்த்தாங்க, நம்பல.

புது_ட்ரெய்லர்_ராணி
பழைய இழையை எழுப்புறதுக்கு மன்னிக்கணும். எங்களுக்கும் சிங்க்ல முட்டை நாத்தம், நீங்க சொன்ன வால்வை மாத்திட்டோம், ட்ராப்லயும் தண்ணி நிக்குது, போகல. சுடுதண்ணி திறந்தா மட்டும் வருது. என்ன செய்யலாம்?

கரிசல்காட்டான்
அது வேற கள்ளன்மா. கிளாஸ்ல பிடிச்சு வெளியில போய் மோந்து பாருங்க, தண்ணியே நாறும். உங்க ஹீட்டர்ல ஆனோடு ராடு (தொட்டி துருப்பிடிக்காம இருக்க உள்ள மாட்டுற கம்பி) இருக்கான்னு பாருங்க. சபர்பன் கம்பெனி ஹீட்டர்னா இருக்கும், அலுமினியம் தொட்டி வெச்ச ஆட்வுட் கம்பெனின்னா தேவையில்ல. மெக்னீசியம் ராடும் தண்ணியில இருக்கிற பாக்டீரியாவும் சேர்ந்தா இந்த வாடை வரும். ஹீட்டரை அணைச்சு, ஆற விட்டு, பிரஷரை இறக்கிட்டுத்தான் ராடைக் கழட்டணும், சூடா இருக்கும்போது தொட்டுடாதீங்க. நல்ல தண்ணி டேங்க்ல 15 காலனுக்குக் கால் கப் ப்ளீச் கணக்குல ஊத்தி, எல்லாக் குழாயிலயும் ப்ளீச் வாடை வர்ற வரைக்கும் ஓட விட்டு, ஒரு ராத்திரி வெச்சு, காலையில நல்லா அலசுங்க. ஹீட்டர் மாடல் என்னன்னு தனி இழை போடுங்க, பேசுவோம்.